ஸ்கோர் நகரவே இல்லையா? கல்லூரி கூடைப்பந்தில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

2024 மார்ச் 19, ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரம். அமெரிக்கக் கல்லூரி அணிகளின் தேசியப் போட்டியான என்சிஏஏ தொடரின் வாசற்படியான ஃபர்ஸ்ட் ஃபோர் ஆட்டம். கொலராடோ ஸ்டேட் அணிக்கு எதிராக வர்ஜீனியா பல்கலைக்கழகம் முதல் பாதி முழுக்க, அதாவது முழுசாக 20 நிமிடம் ஆடி, எடுத்தது 14 பாயிண்ட். எதிரணி 27. கடைசியில் 67-42. ஐந்து வருடத்துக்கு முன்னால், 2019ல், இதே கோச் டோனி பென்னட், கிட்டத்தட்ட இதே ஆட்ட முறை, நாங்கள் தேசிய சாம்பியன். வர்ஜீனியா ரசிகனாக அந்த இரவையும் பார்த்தவன், இந்த இரவையும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: அணி பாயிண்ட் எடுக்காமல் திணறும்போது வாயில் முதலில் வருவது "கோச்சை மாற்று" என்பதுதான், சில சமயம் அது சரியாகவும் இருக்கும், ஆனால் என்ன கோளாறு என்று தெரியாமல் கத்தினால் அடுத்த கோச் வந்தாலும் அதே இடத்தில் நின்று அதையேதான் கத்திக்கொண்டிருப்போம்.

அதனால் ஒவ்வொரு அறிகுறியாக எடுத்துக்கொண்டு, எங்கே பார்க்க வேண்டும், யார் பொறுப்பு, சரிசெய்ய வழி உண்டா என்று எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் வர்ஜீனியா, ஏனென்றால் எனக்கு நெருக்கமாகத் தெரிந்த வலி அது. உங்கள் அணி எதுவானாலும் முறை ஒன்றுதான். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சோதனை: மெதுவா, மோசமா?

ஸ்கோர்போர்டில் 55 என்று பார்த்ததும் ஆஃபென்ஸ் (பாயிண்ட் எடுக்கத் தாக்கும் ஆட்டம்) சரியில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். எத்தனை முறை பந்து கைக்கு வந்தது, அதில் எத்தனை பாயிண்ட் என்பதுதான் கணக்கு. பந்து கைக்கு வந்து போகும் ஒவ்வொரு முறையையும் பொசஷன் என்கிறோம். ஆட்டத்தின் புள்ளிவிவர அட்டையான பாக்ஸ் ஸ்கோரை வைத்தே கணக்கிடலாம்: ஷாட் முயற்சிகளை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஆஃபென்சிவ் ரீபவுண்டுகளை (தவறிய தங்கள் ஷாட்டைத் தாங்களே திரும்பப் பிடிப்பது) கழித்து, டர்னோவர்களை (ஷாட் எடுக்காமலே பந்தைப் பறிகொடுப்பது) கூட்டி, அப்புறம் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லாத ஷாட்) முயற்சிகளை 0.475ஆல் பெருக்கி வருவதையும் கூட்ட வேண்டும். ஒரு மாதிரிக்கு: 55 ஷாட், 8 ஆஃபென்சிவ் ரீபவுண்ட், 12 டர்னோவர், 16 ஃப்ரீ த்ரோ என்றால் 66.6 பொசஷன். அதில் 62 பாயிண்ட் எடுத்தால் ஒரு பொசஷனுக்கு 0.93, இது கவலைப்பட வேண்டிய எண். அதே 62 பாயிண்டை 58 பொசஷனில் எடுத்திருந்தால் 1.07, அது பரவாயில்லை. கல்லூரி ஆட்டத்தின் மேல் பிரிவான டிவிஷன் ஒன் ஆண்கள் ஆட்டத்தில் 1.05ஐ ஒட்டி இருந்தால் சராசரி, 1.1ஐத் தாண்டினால் நல்ல ஆஃபென்ஸ் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

2018-19 வர்ஜீனியா நாட்டிலேயே மிக மெதுவாக ஆடிய அணிகளில் ஒன்று. ஆனால் பொசஷனுக்கு இத்தனை பாயிண்ட் என்று பார்த்தால் நாட்டின் மிகச் சிறந்த ஆஃபென்ஸ்களிலும் ஒன்று. தூங்கி வழிகிறார்கள் என்று வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள், உள்ளே டியாண்ட்ரே ஹண்டரும் டை ஜெரோமும் கைல் கையும் வரும் பந்தையெல்லாம் பாயிண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். 2024ல் வேகம் அதே மெதுதான், பாயிண்ட் மட்டும் இல்லை. வேகத்தைக் குறை சொல்பவர்களுக்கு இந்த இரண்டு வருடத்துக்கும் நடுவே என்ன மாறியது என்று விளக்க முடியாது.

மோசம்தான் என்று கணக்கு சொன்னால், அடுத்து எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஆலிவர் நான்கு இடங்களைச் சொன்னார்: ஷாட் விழும் விகிதம், டர்னோவர், ஆஃபென்சிவ் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு எத்தனை முறை போகிறார்கள் என்பது. முதலாவதுதான் மிகப் பெரியது. அதைக் கணக்கிடும்போது விழுந்த ஒவ்வொரு த்ரீயையும் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து அடிக்கும் மூன்று பாயிண்ட் ஷாட்) ஒன்றரை ஷாட்டாக எண்ண வேண்டும், இல்லாவிட்டால் த்ரீ நிறைய அடிக்கும் அணி உண்மையில் இருப்பதைவிட மோசமாகத் தெரியும்.

அறிகுறி: பந்து த்ரீ கோட்டைச் சுற்றியே வருகிறது, ஷாட் கிளாக் நாலு விநாடியில் ஏதோ ஒன்று எறிகிறார்கள்

இதுதான் ரசிகனை மிகவும் வாட்டுவது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு பொசஷனைக் கண் முன்னால் கொண்டு வாருங்கள். பாயிண்ட் கார்டு, அதாவது ஆட்டத்தை நடத்திச் செல்பவன், பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டும்போது, ஷாட் எடுக்க மிச்சமிருக்கும் விநாடிகளைக் காட்டும் கிளாக்கில் 24. வலது பக்கம் பாஸ். இடது மூலையில் ஒரு கார்டு (வெளியே நின்று பந்தைக் கையாளும் ஆள்), பெரிய ஆள் போட்ட ஸ்கிரீனை (காவலனை மறிக்க உடலால் போடும் தடுப்பு) உரசிக்கொண்டு மேலே ஓடி வருகிறான், காவலன் முதுகில் ஒட்டியபடியே வந்துவிடுகிறான். பந்து திரும்ப மேலே, 19. மறுபக்கம் அதே ஸ்கிரீன், அதே ஓட்டம், இந்த முறை காவலர்கள் ஆள் மாற்றிக்கொண்டார்கள், 14. பெரிய ஆள் ஒரு அடி உள்ளே வந்து கை காட்டுகிறான், யாரும் போடவில்லை. பந்து மறுபடி மேலே, 9. இப்போது அரங்கத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், காவலர்களுக்கும் தெரியும். 5 விநாடியில் ஒரு கார்டு இடது பக்கம் இரண்டு டிரிபிள் வைத்து, ஒரு கால் கோணலாக, கை நீட்டியிருக்கும் ஆளின் மேலே எறிகிறான். முன் வளையத்தில் பட்டு வெளியே.

நாம் கத்துவது கடைசி ஷாட்டைப் பார்த்து. ஆனால் கோளாறு 24க்கும் 14க்கும் நடுவே நடந்து முடிந்துவிட்டது. அந்தப் பத்து விநாடியில் மூன்று விஷயம் கவனியுங்கள். பந்து ஒரு தடவையாவது பெயின்டுக்குள், அதாவது கூடைக்கடியில் வண்ணம் பூசிய பகுதிக்குள், போனதா, பாஸாகவோ டிரிபிள் செய்து நுழையும் டிரைவாகவோ? ஒரு காவலனாவது தன் ஆளை விட்டுவிட்டு இன்னொருவனுக்கு உதவப் போக வேண்டியிருந்ததா? ஸ்கிரீன் போட்டவன், போட்ட பிறகு கூடையை நோக்கித் திரும்பினானா அல்லது அங்கேயே நின்றானா? மூன்றுக்கும் இல்லை என்றால் அந்த ஆட்ட முறை யாரையும் பயமுறுத்தவில்லை என்று அர்த்தம். எத்தனை பாஸ் போட்டாலும் எதிரணிக்குச் சிரமமே இல்லை.

வர்ஜீனியாவின் பழைய முறை இதுதான்: இரண்டு பெரிய ஆட்கள் ஸ்கிரீன் போட்டுக்கொண்டே இருப்பார்கள், மூன்று கார்டுகள் அவற்றைச் சுற்றி ஓடிக்கொண்டே இருப்பார்கள். பென்னட்டின் அப்பா டிக் பென்னட் காலத்திலேயே பொறுமையான ஆட்டம்தான் குடும்பச் சொத்து. அவர் விஸ்கான்சினை 2000ல் கடைசி நாலு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோர் வரை கொண்டு போனார், அங்கே மிச்சிகன் ஸ்டேட்டோடு ஆடிய ஆட்டத்தில் பாதி நேரத்தில் ஸ்கோர் 19-17, முடிவில் 53-41 என்று தோற்றார்கள். இந்த முறையில் தப்பே இல்லை, ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. ஸ்கிரீனிலிருந்து வெளியே வருபவன் பந்தைப் பிடித்த மாத்திரத்தில் த்ரீ அடிக்கக்கூடியவனாக இருக்க வேண்டும். கைல் கை ஓடினால் இரண்டு காவலர்கள் பதறினார்கள், அந்தப் பதற்றத்தில்தான் மற்றவர்களுக்கு இடம் கிடைத்தது. அந்தத் தரத்தில் ஷூட்டர் இல்லாதபோது அதே ஓட்டம் வெறும் ஓட்டம்.

சரி செய்வது எப்படி? 2018-19ல் பென்னட்டே செய்து காட்டினார். பந்து வைத்திருப்பவனுக்கே ஸ்கிரீன் போட்டு, ஒரு பக்கம் நடக்காவிட்டால் உடனே மறுபக்கம் அதையே போடும் தொடர் ஆட்டத்தை அதிகமாகச் சேர்த்தார். அதில் ஜெரோம் போன்ற ஒருவன் கையில் பந்து இருந்தால், காவலன் ஸ்கிரீனுக்கு மேலே போவதா கீழே போவதா என்று யோசிப்பதற்குள் பெயின்டில் நுழைந்துவிடலாம். உங்கள் கோச் சீசன் நடுவில் இப்படி ஏதாவது மாற்றிப் பார்க்கிறாரா என்பதைக் கவனியுங்கள். மாற்றிப் பார்த்துத் தோற்பவரிடம் எனக்குக் கோபம் வராது. ஜனவரியில் வேலை செய்யாத ஒன்றை மார்ச்சிலும் அப்படியே ஓட்டுபவரிடம் வரும்.

அறிகுறி: நல்ல ஷாட்தான் கிடைக்கிறது, விழ மாட்டேன் என்கிறது

இதில் இரண்டு நோய் ஒரே மாதிரித் தெரியும். ஒன்று, உண்மையிலேயே நல்ல ஷூட்டர்களுக்கு நல்ல ஷாட் கிடைத்து அன்றைக்கு விழவில்லை. 2011 இறுதி ஆட்டத்தில் பட்லர் 64 ஷாட்டில் 12தான் போட்டது, 18.8 சதவீதம், கனெக்டிகட் 53-41 என்று ஜெயித்தது. கனெக்டிகட்டின் நீண்ட கைகளுக்கும் அதில் பங்கு உண்டுதான், ஆனாலும் 64க்கு 12 என்பதை எந்தக் கோச்சும் வரைந்து கொடுத்துவிடவில்லை. அப்படிப்பட்ட இரவில் கோச்சைத் திட்டுவது நியாயமில்லை.

இன்னொன்று, எதிரணி வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கும் ஷாட். இதைக் கண்டுபிடிக்கப் பந்தைப் பார்க்காதீர்கள், காவலர்களின் காலைப் பாருங்கள். உங்கள் ஆள் த்ரீ கோட்டில் நிற்கிறான், அவனுடைய காவலன் பெயின்டுக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு வேறு யாருக்கோ உதவத் தயாராக நிற்கிறான் என்றால், "நீ அடி, பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்கிறார்கள். அந்த ஷாட் பார்வைக்கு ஓப்பன், ஆனால் எதிரணி கோச் விரும்பிய ஷாட். 2019-20லிருந்து ஆண்களுக்கான த்ரீ கோடு 22 அடி 1¾ அங்குலத்துக்குத் தள்ளிப் போய்விட்டது, முன்பு 20 அடி 9 அங்குலம். பழைய கோட்டில் சுமாராக அடித்தவர்கள் பலருக்கு அந்த ஓரடி சொச்சம் பெரிய தூரம்.

இப்படி மதிக்கப்படாத ஆள் ஒருவன் களத்தில் இருந்தால் சமாளிக்கலாம். இரண்டு பேர் என்றால் கஷ்டம். மூன்று பேரை ஒரே நேரத்தில் களத்தில் நிறுத்துவது கோச் எடுக்கும் முடிவு, அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். யார் யார் சேர்ந்து களத்தில் இருக்கும்போது பெயின்ட் அடைத்துக்கொள்கிறது என்று நோட்டில் எழுதுங்கள், நாலு ஆட்டத்தில் தெரிந்துவிடும்.

அறிகுறி: ஆஃபென்சிவ் ரீபவுண்டுக்கு யாருமே போவதில்லை

சோம்பேறித்தனம் இல்லை, கட்டளை. பென்னட் அணிகள் ஷாட் போனவுடனே திரும்பி ஓடும், எதிரணிக்கு ஃபாஸ்ட் பிரேக் (தடுப்பு அமையும் முன்பே ஓடிப்போய் அடிக்கும் வாய்ப்பு) கிடைக்கக் கூடாது என்பதற்காக. ஷாட் நன்றாக விழும் வருடத்தில் இது லாபம். விழாத வருடத்தில் இரண்டாவது வாய்ப்பையும் நாமே தூக்கிப் போடுகிறோம். அந்த வருடத்தில் ஒருவனையாவது உள்ளே அனுப்பிப் பார்த்திருக்கலாம் என்பது என் கருத்து.

அறிகுறி: ஆறேழு நிமிடமாக ஒரு பாயிண்டும் இல்லை, கோச் டைம்-அவுட் எடுக்காமல் நிற்கிறார்

முதலில் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். டிவியில் வரும் ஆட்டங்களில் ஒவ்வொரு பாதியிலும் கிளாக் 16, 12, 8, 4 நிமிடத்துக்குக் கீழே போனதும் வரும் முதல் நிறுத்தத்தில் மீடியா டைம்-அவுட் தானாக வரும். அணிக்குச் சொந்தமாக இருப்பது நான்கு, அதில் மூன்றைத்தான் இரண்டாம் பாதிக்குக் கொண்டு போக முடியும். ஆகவே 12:40ல் கோச் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது சில சமயம் சரியான கணக்குதான், இன்னும் நாற்பது விநாடியில் இலவசமாக ஒன்று வரப்போகிறது. ஆனால் 11:30ல் மீடியா டைம்-அவுட் முடிந்து, எதிரணி வரிசையாக எட்டுப் பாயிண்ட் எடுத்து, அடுத்தது வர இன்னும் இரண்டு நிமிடம் இருக்கும்போதும் அப்படியே நிற்கிறார் என்றால் அதற்குச் சமாதானம் கிடையாது. முதல் பாதியில் ஒன்றைப் பயன்படுத்தாவிட்டால் அது எப்படியும் வீணாகத்தான் போகப்போகிறது.

இருந்தாலும் டைம்-அவுட் எடுத்தாரா இல்லையா என்பதைவிட எனக்கு முக்கியம், எடுத்த பிறகு நடக்கும் முதல் பொசஷன். வீரர்கள் கையில் தண்ணீர், கோச் கையில் பலகை, முழு அரை நிமிடமோ மீடியா டைம்-அவுட் என்றால் அதைவிட நிறையவோ நேரம். வெளியே வந்து அவர்கள் ஆடும் அந்த முதல் ஆட்டம், கோச்சின் கையெழுத்து. நான் இதை நோட்டில் தனிப் பத்தியாகவே வைத்திருக்கிறேன்: டைம்-அவுட்டுக்குப் பின், என்ன ஆடினார்கள், ஷாட் எங்கிருந்து, விழுந்ததா. விழுந்ததா என்பது அதில் கடைசி. கூடைக்கடியில் ஒரு ஷாட் கிடைத்து அது தவறினால்கூட நல்ல குறிதான் போடுவேன். வெளியே வந்து அதே பழைய சுற்று ஓடி 4 விநாடியில் கோணல் ஷாட் என்றால் அங்கே ஒரு கோடு. ஒரு சீசனில் அந்தக் கோடுகளை எண்ணினால், கோச்சைப் பற்றி யாருடனும் சண்டை போடத் தேவையிருக்காது.

வறட்சி நேரத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: களத்தில் யார்? பாயிண்ட் கார்டும் முக்கிய ஸ்கோரரும் ஒரே நேரத்தில் பெஞ்சுக்குப் போய்விட்டார்களா? தானாக ஒரு ஷாட்டை உருவாக்கத் தெரிந்த ஒருவனாவது எப்போதும் களத்தில் இருக்க வேண்டும். இருவரையும் மாற்றி மாற்றி உட்கார வைத்தால் பாதி வறட்சி போய்விடும். இதற்குத் திறமையான ஆட்கள் கூடத் தேவையில்லை, ஒரு காகிதத்தில் நிமிடத்தைப் பிரித்து எழுதினால் போதும்.

அறிகுறி: இரண்டு ஃபவுல், ஸ்டார் பாதி முடியும் வரை பெஞ்சில்

கல்லூரி ஆட்டத்தில் ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே. முதல் பாதியில் இரண்டு ஆனதும் நிறைய கோச்கள் யோசிக்காமல் உட்கார வைத்துவிடுவார்கள். எனக்கு இது புரிந்ததே இல்லை. பின்னால் அவனை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் இப்போதே இழக்கிறோம். 8 நிமிடம் மிச்சமிருக்கும்போது உட்கார வைத்தால் 40 நிமிட ஆட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு போச்சு, அப்புறம் ஆட்டம் முடியும்போது பார்த்தால் அவன் மூன்று ஃபவுலோடு நிற்கிறான், மீதி இரண்டும் பயன்படாமலே போயிற்று. எதிரணி உள்ளே தள்ளித் தள்ளி ஆடும் அணியா, இவன் ஃபவுல் வாங்கும் சுபாவம் உள்ளவனா என்று பார்த்து, தாக்கும்போது உள்ளே தடுக்கும்போது வெளியே என்று மாற்றி மாற்றிவிடும் கோச்களும் இருக்கிறார்கள். கூடைப்பந்துப் புள்ளிவிவரக்காரர் கென் பாமராய் தன் தளத்தில், இரண்டு ஃபவுல் வாங்கிய வீரர்களை எந்தக் கோச் எவ்வளவு ஆட விடுகிறார் என்பதற்கே ஒரு கணக்கு வைத்திருக்கிறார். உங்கள் கோச்சின் பழக்கத்தை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: ஸோன் போட்டதும் கை கால் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடுகிறார்கள்

ஜிம் பேஹைம் சிரக்யூஸில் கோச்சாகப் பல பத்தாண்டுகள் 2-3 ஸோன் (ஆளுக்கு ஆள் காவல் இல்லாமல் இடத்தைக் காக்கும் தடுப்பு, முன்னே இருவர், பின்னே மூவர்) வைத்தே ஆடினார், 2003ல் அதை வைத்தே சாம்பியனும் ஆனார். அதனால் மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவில், பாஸ் போடவும் ஷாட் அடிக்கவும் தெரிந்த ஒருவனை நிறுத்து, அவன் கைக்குப் பந்து போனதும் அடித்தளக் கோட்டை ஒட்டி இன்னொருவன் நகரட்டும். அங்கே பந்து போன நொடியில் ஸோன் சுருங்கும், மூலையில் ஆள் ஓப்பன் ஆவான். வெளியே நின்று ஐந்து பேரும் பந்தைக் கைமாற்றிக்கொண்டிருந்தால் சிக்கல் கோச்சிடம் இருக்கலாம், நடுவில் நிற்கத் தெரிந்த ஆள் இல்லாமலும் இருக்கலாம். எப்படித் தெரிந்துகொள்வது? யாரையாவது அங்கே நிறுத்துகிறார்களா என்று பாருங்கள். நிறுத்தி, அவன் தடுமாறினால் ஆள் பற்றாக்குறை. நிறுத்தவே இல்லை என்றால் தயாரிப்புப் பற்றாக்குறை.

அறிகுறி: பெரிய முன்னிலை, எதிரணி பிரஸ் போட்டதும் கரைகிறது

2016 எலைட் எய்ட், அதாவது எட்டு அணிகள் மிஞ்சும் சுற்று. சிகாகோவில் இதே சிரக்யூஸோடு வர்ஜீனியா பாதி நேரத்தில் 14 பாயிண்ட் முன்னிலை. இரண்டாம் பாதியில் சிரக்யூஸ் முழுக் களத்திலும் பிரஸ் போட்டது, அதாவது பந்து வைத்திருப்பவனைத் தொடக்கத்திலிருந்தே நெருக்கிப் பிடித்தது, ஆட்டம் எங்கள் வேகத்திலிருந்து அவர்கள் வேகத்துக்கு மாறியது, 68-62 தோல்வி. மெதுவாக ஆடும் அணிகளுக்கு இது தொழில் நோய் மாதிரி. அவசரமாக முடிவெடுத்துப் பழக்கமே இல்லை, திடீரென்று எல்லாமே அவசரம். பிரஸ்ஸை உடைத்த பிறகு 3க்கு 2 என்று ஆள் கூடுதலாக இருக்கும்போதும் பந்தை இழுத்து நிறுத்திவிடுகிறார்களா பாருங்கள். அங்கே போய் லே-அப் அடித்துத் தண்டிக்காவிட்டால் எதிரணி ஏன் பிரஸ்ஸை நிறுத்தப் போகிறது?

பின்தங்கும்போதும் இதே கதைதான். 2018 மார்ச் 16, யுஎம்பிசி கல்லூரியோடு ஆட்டம். பாதி நேரத்தில் 21-21, முடிவு 74-54, ஆண்கள் தொடரில் முதல் நிலை அணி ஒன்று பதினாறாம் நிலை அணியிடம் தோற்றது அதுவே முதல் முறை. மணிக்கட்டு உடைந்து ஹண்டர் ஆடவில்லை, அது உண்மை. ஆனால் பத்துப் பாயிண்ட் பின்தங்கியதும் வேகத்தைக் கூட்ட இன்னொரு ஆட்ட முறை கையில் இல்லை, த்ரீயாக எறிந்து 22க்கு 4தான் விழுந்தது. பொசஷன் குறைவாக இருக்கும் ஆட்டத்தில் பலவீனமான அணிக்கும் அதிர்ஷ்டம் அடிக்க வாய்ப்பு கூடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல அணிக்கு மெதுவேகம் அந்த வகையில் ஆபத்து.

2023ல் ஃபர்மன் கல்லூரியோடு ஆட்டம். முன்னிலை நம்முடையது, 67-65, சில விநாடிதான் பாக்கி. கிஹெய் கிளார்க்கைத் தன் பக்க மூலையில் இரண்டு பேர் சூழ்ந்தார்கள், அவர் பந்தை நடுக்களம் நோக்கி உயரத் தூக்கி எறிந்தார், ஃபர்மன் ஆள் பிடித்தான், ஒரு பாஸ், ஒரு த்ரீ, 68-67. பந்தை இறுகப் பிடித்திருந்தால் அவர்கள் ஃபவுல் செய்திருப்பார்கள். நானும் அந்த நிமிடத்தில் டிவியைப் பார்த்துக் கத்தினேன், பெயர் சொல்லியே கத்தினேன். அப்புறம் 2019 பர்டியூ ஆட்டம் ஞாபகம் வந்தது: ஜெரோமின் ஃப்ரீ த்ரோ தவறி, தட்டிவிடப்பட்ட பந்து நம் பக்கத்துக்கு உருண்டோட, முதலாண்டு மாணவனான இதே கிளார்க் ஓடிப் பிடித்து, தூரத்திலிருந்து மமாடி டியாகிட்டே கைக்கு அம்பு மாதிரி ஒரு பாஸ். டியாகிட்டே பஸரோடு அடித்தார், ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது, பட்டம் வரை போனது. அந்தப் பாஸ் இல்லாமல் எங்களிடம் எந்தக் கோப்பையும் கிடையாது. இந்த அறிகுறியில் பையன்கள் பெயரை நோட்டில் எழுதுவதை அன்றோடு விட்டுவிட்டேன், எப்போது எங்கே சிக்கினார்கள், பக்கத்தில் பாஸ் வாங்க யாராவது வந்தார்களா என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அறிகுறி: கடைசி நிமிடத்தில் என்ன செய்வதென்றே தெரியாமல் நிற்கிறார்கள்

2008 இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். ஜான் கலிபாரியின் மெம்ஃபிஸ் 2:12 மிச்சமிருக்கும்போது கான்சஸை விட 9 பாயிண்ட் மேலே. சீசன் முழுக்க 60 சதவீதத்தை ஒட்டியே ஃப்ரீ த்ரோ அடித்த அணி, கடைசியில் அதையே தவறவிட்டது. மூன்று பாயிண்ட் முன்னிலையில் ஃபவுல் செய்து இரண்டு ஃப்ரீ த்ரோவோடு முடித்திருக்கலாம், அது நடக்கவில்லை, கான்சஸின் மாரியோ சால்மர்ஸ் 2.1 விநாடி மிச்சமிருக்கும்போது த்ரீ அடித்துச் சமன் செய்தார், ஓவர்டைமில் கான்சஸ் 75-68.

மூன்று பாயிண்ட் முன்னிலை, ஆறேழு விநாடிக்குள் என்றால் ஷாட்டுக்குக் கை எழும்பும் முன்பே ஃபவுல் செய்துவிட வேண்டும் என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு: ஷாட் அடிக்கும்போது ஃபவுல் ஆகிவிட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ, இரண்டு ஃப்ரீ த்ரோதான் என்றாலும் இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டு ரீபவுண்ட் பிடிக்கப் பார்ப்பார்கள். ஆகவே எந்தக் கட்சி என்பதில் கோச்சைத் திட்டாதீர்கள். ஐந்து வீரர்களும் ஒரே கட்சியில் நிற்கிறார்களா என்று பாருங்கள். ஒருவன் ஃபவுல் செய்யப் போக இன்னொருவன் கையை விலக்கினால், பயிற்சியில் அதை ஆடியே பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும்.

எதிரணி வேண்டுமென்றே ஃபவுல் செய்யும் நேரத்தில் யார் கையில் பந்து? ஒரு பாதியில் ஏழாவது ஃபவுலிலிருந்து ஒன்-அண்ட்-ஒன், முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது, பத்திலிருந்து நேரடியாக இரண்டு. 60 சதவீத ஆள் கோட்டில் நின்று முதலாவதையே தவறவிட்டால் டர்னோவருக்குச் சமம். பந்தை வாங்கப் போகிறவன் அணியின் சிறந்த ஃப்ரீ த்ரோக்காரனாக இல்லை என்றால், அந்தத் தவறு கோட்டில் நிற்கிறவனுடையது இல்லை.

அறிகுறி: மூன்று சீசனாக இதே கோளாறு, ஆட்கள்தான் வேறு

இங்கேதான் கேள்வி களத்தைவிட்டு வெளியே போகிறது. 2018 அக்டோபரில் அணி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, 2021லிருந்து ஒரு வருடம் உட்காராமலே அணி மாறலாம், அதே 2021 ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. ஒரு பையனை நாலு வருடம் வளர்த்து, மூன்றாம் வருடத்தில் பலன் பார்க்கும் பழைய முறை இதில் அடிபட்டுப் போயிற்று. வர்ஜீனியாவின் முறை அதை நம்பியே கட்டப்பட்டது, ஹண்டரே ஒரு வருடம் ஆடாமல் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்தவர்தான். இப்போது ஏப்ரலில் போர்ட்டலில் யாரை எடுக்கிறார் என்பதுதான் ஒரு கோச்சின் மிகப் பெரிய ஆஃபென்ஸ் முடிவு. ஷூட்டர் வேண்டிய அணி மூன்று பெரிய ஆட்களை எடுத்து வந்தால் நவம்பரில் ஸ்கிரீன் எங்கே போட்டாலும் ஒன்றுதான்.

ஆகவே நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கேள்வி. போன வருட ஓட்டையை அடைக்கிற மாதிரி ஆள் எடுத்தார்களா? எடுத்த ஆளுக்கு ஏற்ற மாதிரி ஆட்டத்தை மாற்றினார்களா? இரண்டுக்கும் இரண்டு வருடம் தொடர்ந்து இல்லை என்று எழுத நேர்ந்தால், அப்போது கோச்சை மாற்றச் சொல்வதில் நான் உங்களோடு நிற்பேன், அவர் எத்தனை கோப்பை வாங்கிக் கொடுத்தவராக இருந்தாலும்.

பென்னட் அதற்கு இடம் வைக்கவில்லை. 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரம் இருக்கும்போது, இந்தப் புதிய சூழலுக்கு நான் பொருத்தமான ஆள் இல்லை என்று தானே சொல்லிவிட்டுப் போனார். அவர் ஆஃபென்ஸைப் பற்றி அவ்வளவு புலம்பியவன், அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அன்றைக்கு யாரோடும் சரியாகப் பேசவில்லை. இடைக்காலக் கோச்சோடு ஒரு சீசன் போனது, 15 வெற்றி, 17 தோல்வி. 2025 மார்ச்சில் ரயன் ஓடமை எடுத்தார்கள். 2018ல் யுஎம்பிசி கோச்சாக நின்று எங்களை 74-54 என்று வீட்டுக்கு அனுப்பியவர் அவர்தான்.

புது நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் மூன்று பத்தி: முதல் பத்து விநாடியில் பெயின்ட், டைம்-அவுட்டுக்குப் பின், களத்தில் யார்.